ஆஜராகாதவள்

மார்ச் 4

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீதான் வாடிப்போயிருப்பாய் என்று அண்ணி சொன்னாள், அதனால் எழுதுகிறேன்.

நீ அரசின் மேல் போட்ட வழக்கு நேற்றுத் தள்ளுபடியாகிவிட்டது. காது கேட்காதவள் என்று அரசு அச்சகத்திலிருந்து உன்னை நீக்கியது சரியென்று நீதிபதி சொல்லவில்லை, தப்பென்றும் சொல்லவில்லை. கூப்பிட்டபோது நீ ஆஜராகவில்லை, அவ்வளவுதான். நடைமுறை. அரசு வக்கீலாக எதிர்ப்பக்கம் நின்றேனே தவிர, எனக்கு உன் மேல் வருத்தம் ஒன்றுமில்லை. இனியாவது கோர்ட்டு வாசலை மிதிக்காமல் தையல் கிய்யல் என்று எதையாவது பார்த்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா.

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 7

அண்ணா,

வருத்தம் இல்லையாமே! என்ன பெருந்தன்மை!

காலையிலிருந்து இரண்டாவது பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். டவாலி வாசலில் நின்று, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வராந்தாவைப் பார்த்து என் பெயரைக் கத்தினாராம். முகம் தெரிந்திருந்தால் உதட்டைப் பார்த்தே எழுந்திருப்பேன். என் வக்கீல் வேறு கோர்ட்டில் மாட்டிக்கொண்டார். சாயங்காலம் பெருக்க வந்த அம்மாதான் தோளைத் தட்டி, "எல்லாம் முடிஞ்சு போச்சும்மா, எழுந்திரு" என்று வாயசைத்தார்.

காது கேட்காதவளைக் கத்திக் கூப்பிட்டுவிட்டு, வரவில்லை என்று எழுதிக்கொள்கிற புத்தி உங்கள் அரசுக்குத்தான் வரும். அந்த அச்சகத்தில் மெஷின் ஓடும்போது காதுள்ளவர்களே என்னிடம் சைகை கற்றுக்கொண்டுதான் பேசினார்கள்.

ஒன்று மட்டும் சொல். என்னைக் கூப்பிட்டபோது நீ எங்கே இருந்தாய்?

தங்கை

மார்ச் 12

தங்கைக்கு,

அண்ணனைக் கேட்கிற கேள்வியா இது? உனக்கு முன்னால்தான் இருந்தேன். திரும்பிப் பார்த்தேன், நீ சிரித்தாய். எதிர்த்தரப்புக்குக் கை காட்டுவது என் வேலையில்லை. நீதிபதி கேட்டார். "கூப்பிட்டாச்சு ஐயா, யாரும் எழுந்திருக்கலை" என்றேன். அதில் ஒரு சொல்லாவது பொய்யா? பதவி உயர்வு வருகிற நேரம். புரிந்துகொள்.

அண்ணன்

மார்ச் 15

ஐயா,

ஒரு சொல்லும் பொய்யில்லை. பொய்யே கலக்காமல் இவ்வளவு கேவலமாக நடந்துகொள்ள உங்களால்தான் முடியும்.

தன் ஜூனியரைப் பக்கத்தில் உட்கார வைப்பதாக என் வக்கீல் சொன்னார். வேண்டாம், அங்கே என் அண்ணன் இருக்கிறார் என்றேன். அந்த தைரியத்தில்தான் உங்களைப் பார்த்துச் சிரித்தேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வழக்கை மறுபடி எடுக்கச் சொல்லி மனு போட்டாயிற்று. நான் அறைக்குள்தான் இருந்தேன் என்பதற்கு உங்களையே சாட்சியாகப் போட்டிருக்கிறேன். கூப்பிடும்போது எழுந்து வாருங்கள். உங்களுக்குத்தான் காது நன்றாகக் கேட்குமே.

இப்படிக்கு,
மனுதாரர்