குறுக்குக் கம்பி இல்லாத பக்கம்

ஜாசின்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஷாமினிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவைத் திறந்தேன். கை வரவில்லை. வாராவாரம் போனில் "நல்லா இருக்கோம்ப்பா" என்று நீ சொன்னதை இத்தனை மாதமும் நம்பியிருந்த எனக்கு, இப்போது அந்த வார்த்தையைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. மாப்பிள்ளை கார் விபத்தில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் சக்கர நாற்காலியில் இருக்கிறார். இதை உன் வாயால் நான் கேட்கவில்லை. ஒரு மேசைக்காகச் சண்டை போட்டுத் தெரிந்துகொண்டேன்.

போனிலேயே கேட்டிருக்கலாமே என்பாய். போன் செய்தால் நான் கத்துவேன், நீ அழுவாய், உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு "போதும் விடுங்க" என்பாள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. முழுவதும் படி.

மேசைப் பேச்சை எடுத்தவள் நீதான். மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து உடைந்த தரை ஓடுகளை ஒட்டி ஒரு மேசைப் பலகை செய்கிறார், அதற்கு இரும்பில் சட்டம் வேண்டும், கடையில் விற்கிற ஹாலோ பைப் வேண்டாம், அப்பா உலையில் போட்டு அடித்ததுதான் வேண்டும் என்றாய். கடல் தாண்டி நீ இருக்கிற மீரியில் கிடைக்காததா, இருந்தும் என்னிடம் கேட்கிறாளே என்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் போனை வைத்ததும் உன் அம்மாவிடம் நான் கேட்டதையும் மறைக்காமல் எழுதுகிறேன். "வேலைக்குப் போற ஆம்பள வீட்டுல உக்காந்து ஓடு ஒட்டிக்கிட்டு இருக்காரா, என்னா கூத்து இது" என்று கேட்டேன். "லீவுல இருக்காராம்லா" என்றாள் அவள். நீ அவளுக்குச் சொல்லி வைத்த பொய் அது. அதை நம்பித்தான் அவரை நான் இளக்காரமாகப் பேசினேன். என்னைப் பேச வைத்தது யார்?

பலகையின் படத்தை நீ அனுப்பியபோது உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நீல ஓட்டுத் துண்டுகளில் அலை, நடுவில் ஒரு சிவப்பு மீன். சிமெண்டும் ஓடுமாகச் சேர்ந்து இரண்டு பேர் தூக்குகிற கனம் என்றாய். அதனால் கெட்டி இரும்பாகவே எடுத்தேன். நான்கு கால்களையும் பழுக்கக் காய்ச்சி, அடியில் பாதம் போல விரித்து, மேலே ஒடுக்கி அடித்தேன். பலகை உட்காருகிற விளிம்பை ஆங்கிள் இரும்பில் செய்து, சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டேன். இறுக்கிப் பிடித்தால் ஓரத்து ஓடு தெறித்துவிடும். கீழே நான்கு பக்கமும் குறுக்குக் கம்பி போட்டு, ஒவ்வொன்றையும் நடுவில் முறுக்கி, காலோடு சேர்த்து ரிவெட் அடித்தேன். பட்டறை வாசலில் வைத்திருந்தபோது பசாருக்குக் காய்கறி வாங்கப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பக்கத்துக் கடை மெக்கானிக் கவிநேசன் "அண்ணே, இத எனக்குக் குடுத்திருங்க, மகளுக்கு வேற அடிச்சிக்கலாம்லா" என்று இரண்டு நாள் என் உயிரை வாங்கினான்.

ஒரு பக்கம் குறுக்குக் கம்பி வேண்டாம் என்று நீ சொன்னாய். சொல்லவில்லை என்று நான் சாதிக்கப்போவதில்லை. ஆனால் எப்படிச் சொன்னாய்? "ஒரு சைடு கம்பி வேணாம்ப்பா, பாக்க நல்லா இருக்கும்" என்றாய். பார்க்க நன்றாக இருக்குமாம். கல்லு மாதிரி கனக்கிற பலகைக்கு நான்கு பக்கமும் கட்டாமல் என் பட்டறையிலிருந்து எதுவும் வெளியே போனதில்லை. ஒரு பக்கத்தைத் திறந்து விட்டால் போகப்போகக் கால் அகன்று மேசை ஆட ஆரம்பிக்கும். அழகுக்காகக் கேட்கிறாள், விவரம் தெரியாத பிள்ளை என்று நினைத்து நான்கு பக்கமும் போட்டு அனுப்பினேன். அவருடைய நாற்காலி உள்ளே போக வேண்டும் அப்பா என்று ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை.

சட்டம் கப்பலேறி வந்து சேர்ந்தது என்று நீ படம் அனுப்பினாய். பலகை கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கத்துக் கம்பியை மட்டும் காணோம். இரண்டு காலிலும் கிரைண்டர் அறுத்த தழும்பு பளபளவென்று தெரிந்தது. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துப் பார். உடனே உனக்குப் போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. மாப்பிள்ளைக்கு அடித்தேன், எடுத்தார்.

"நான்தான் மாமா வெட்டச் சொன்னேன், கால் இடிக்குது" என்றார். தணிவாகத்தான் சொன்னார். நான் விடுகிறவனா? இடித்தால் மடக்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதானே, மகாராஜா மாதிரி காலை நீட்டிக்கொண்டுதான் சாப்பிட வேண்டுமா என்று கேட்டுவிட்டேன். அவர் அதே தணிவோடு, "காலு என் பேச்சக் கேக்காது மாமா. வீல்சேர்ல இருக்கேன். தட்ட மடியில வச்சித் தின்னு அலுத்துப்போச்சி. ஷாமினி கூட மேசையில உக்காந்து சாப்பிடணும்னுதான் இதச் செஞ்சேன்" என்றார்.

நான் போனை வைத்துவிட்டேன். அந்த மனிதருக்கு ஆறுதலாக ஒரு சொல் சொல்லாமல் வைத்துவிட்டேன். உன்னால் எனக்கு நேர்ந்த வெட்கக்கேடு இது.

மறுநாள் காலையில் காரை எடுத்துக்கொண்டு மஸ்ஜித் தானா ஊருக்குப் போய் மாப்பிள்ளையின் அக்கா ராகினியைப் பிடித்தேன். அவளுக்கு முதலிலிருந்தே தெரியுமாம். பிந்துலு ரோட்டில் மழையில் கார் புரண்டது, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தது, வேலை போனது எல்லாம் தெரியுமாம். மலாக்காவில் ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, "தம்பி நல்லா இருக்கான் அங்கிள்" என்று சொல்லிப் பாயசம் குடித்தவள் அவள். கேட்டால், "ஷாமினி சத்தியம் வாங்கிட்டா அங்கிள், ஆண்ட்டிக்கு அப்பத்தான் நெஞ்சுல ஆப்பரேஷன்" என்று அழுகிறாள். அவளிடம் எவ்வளவுதான் கோபப்படுவது? அவளைச் சத்தியத்தில் கட்டிப்போட்டவள் நீ.

உன் அம்மாவுக்கு ஆப்பரேஷன், சரி. எனக்கு என்ன ஆப்பரேஷன்? என்னிடம் சொல்லியிருந்தால் நான் என்ன, ஊரைக் கூட்டி ஒப்பாரி வைத்திருப்பேனா? தீபாவளிக்கு வருகிறோம் என்றபோது வீட்டில் ரிப்பேர் நடக்கிறது, வராதீர்கள் என்றாய். வீடியோவில் மாப்பிள்ளையின் முகத்தை மட்டும் காட்டினாய். இளைத்துவிட்டாரே என்று உன் அம்மா கேட்டதற்கு டயட் என்று சொல்லிச் சிரித்தாய். எப்படி அம்மா சிரிக்க முடிந்தது உன்னால்?

உன் அம்மாவிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். நீ பயந்ததுபோல அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழவில்லை. அழுதாள். பிறகு எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, "டிக்கெட் போடுங்க" என்றாள். கமலவேணி அவ்வளவு லேசானவள் இல்லை. அவள் வயிற்றில் பிறந்த உனக்கு அது தெரியவில்லை.

மேசையை அப்படியே விட்டுவிடாதே. அறுத்த பக்கம் பலம் போய்விட்டது, பலகையின் பாரத்தில் கால் அகலும். விளிம்புக்கு அடியில் ஒட்டினாற்போல் வளைந்து போய்ப் பின்பக்கக் கம்பியைப் பிடிக்கிற மாதிரி இரண்டு தாங்கிகள் அடிக்கப்போகிறேன். நாற்காலிக்கும் முழங்காலுக்கும் தடையாக இருக்காது. அதற்கு அளவு வேண்டும். உன்னிடம் கேட்கவில்லை. உன் பேச்சை நம்பித்தான் இவ்வளவும் நடந்தது. நாற்காலியின் அகலம், கைப்பிடியின் உயரம், தரையிலிருந்து முழங்கால் வரை உள்ள உயரம் எல்லாவற்றையும் மாப்பிள்ளையே அளந்து, அவரே எனக்குப் போன் செய்யட்டும். மாமா கத்த மாட்டார் என்று சொல். அந்த மீனை ஒட்டி முடிக்க எத்தனை நாள் ஆனது என்று அவரிடம் நான் கேட்க வேண்டும்.

தாங்கிகளைக் கப்பலில் அனுப்ப மாட்டேன். நானும் உன் அம்மாவும் கையோடு கொண்டுவருகிறோம். இந்த முறை ரிப்பேர் கதை சொல்லாதே.

ராகினி இன்னொன்றும் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் வீட்டுக் குளியலறை வாசல் குறுகலாம், நாற்காலி உள்ளே நுழையாதாம். அப்படியென்றால் அவரை உள்ளே கொண்டுபோவது யார்? நீயா? அடுப்படியில் ஒரு கேஸ் தோம்பை நகர்த்தக்கூட என்னைக் கூப்பிடுகிற பிள்ளை, ஒரு ஆளை இத்தனை மாதமாக நீயா தூக்கி இறக்குகிறாய்? முதுகு வலிக்கிறது என்று அன்றைக்கு உன் அம்மாவிடம் சொன்னாயாமே, தையல் மெஷினில் உட்கார்ந்ததால் என்றாயாமே. இதையும் நாங்கள் நம்பினோம்.

வாசலை அகலப்படுத்தலாம். சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடிக்கலாம். எல்லாம் நான் வந்து செய்கிறேன். நீங்கள் இருவரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். கோபத்தில் எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே, இதை மட்டும் கேள். நாங்கள் வந்து சேரும் வரைக்கும் பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிட்டுக்கொள். இனிமேல் தனியாகத் தூக்காதே, அம்மா.

உன் அப்பா,
சாமிநாதன்