சரிவில் உருளும் பந்து

மன்சி, இந்தியானா
புதன்கிழமை

அன்பு மகள் டமேராவுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நான் சுகம், முழங்கால் மட்டும் மழை வருவதை முன்னாலேயே வலித்துச் சொல்லிவிடுகிறது. நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை, திங்கட்கிழமை சாயங்காலம் ஊரே டிவியில் பார்த்தது, பளபளவென்றுதான் இருந்தாய். நேற்று நீ ஃபோனில் கேட்டதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு நாள் ஆயிற்று, இதோ சொல்கிறேன். ஃபோனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நீ நடுவில் "சரிம்மா சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய், கடிதத்திடம் அது நடக்காது.

முதலில், கூடைப்பந்து அணிகள் புதுப் பெண்களைத் தேர்ந்தெடுத்த டிராஃப்ட் அன்று இங்கே நடந்ததைக் கேட்டுக்கொள், ஏனென்றால் நீ அதைக் கேட்கவே இல்லை. சர்ச் ஹாலை மத்தியானமே திறந்துவிட்டோம். யூனிஸ் ஆன்ட்டி பொரித்த கோழி, நான் மக்ரோனியும் கேக்கும், கேக்கின் மேல் உன் பெயர், அணியின் பெயருக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தேன், எந்த அணி உன்னை எடுக்கிறதோ அதைக் கடைசியில் எழுதலாம் என்று. பாஸ்டர் ஹாலிஸ் ஜெபம் பண்ணினார். அணிகள் ஒவ்வொன்றாக ஒவ்வொரு பெண்ணை எடுத்துக்கொண்டே வந்தன, உன் பெயர் வரவில்லை. முதல் சுற்று முடியப்போகும் நேரத்தில் மேடையில் அந்த அம்மாள் டமேரா ப்ரூயிட் என்று வாசித்தாள். ஹாலே எழுந்து கத்தியது. நான் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று கையைத் தூக்கினேன். அந்தக் கையில் கேக் வெட்டும் கத்தி இருந்தது. அப்போதுதான் கேமரா அந்த அரங்கில் நீ உட்கார்ந்திருந்த மேஜையைக் காட்டியது.

நான் உன்னிடம் முன்பே கேட்டேன் இல்லையா, மேஜையில் எனக்கு ஒரு நாற்காலி இருக்குமா என்று. நீ என்ன சொன்னாய்? "அங்க ரொம்ப கொஞ்சம் பேருக்குத்தான்மா இடம், கோச்சும் ஏஜென்ட்டுமே சரியாப் போயிடும், நீ சர்ச்ல எல்லாரோடயும் உக்காந்து பாரு, உனக்கு அதுதான் சந்தோஷம்." நானும் நம்பினேன். என் சந்தோஷத்தை நினைத்துப் பார்க்கிறாளே என்று கர்த்தருக்கு நன்றி கூடச் சொன்னேன். கோச் பக்கத்தில், ஏஜென்ட் பக்கத்தில், சாம்பல் நிறக் கோட்டுப் போட்டுக்கொண்டு உன்னைக் கட்டிப்பிடிக்க எழுந்தது யார்? யூனிஸ் ஆன்ட்டிதான் முதலில் கண்டுபிடித்தாள். "ஏய் வெர்லின், அது உன் புருஷன் கிளைட்டு மாதிரியே இல்ல? பல்லு மட்டும் புதுசா இருக்கு." எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம் வேலை தேடி டெட்ராய்ட் போகிறேன் என்று சொல்லிப் போன மனிதர். நான் இந்த வீட்டின் வரவையும் செலவையும் ஒரு நாள் விடாமல் எழுதுகிறவள், உனக்குத் தெரியும், அதில் அவர் பெயருக்கு நேராக எழுத எனக்கு ஒன்றும் வாய்க்கவில்லை. நீ மாநில அளவில் பேப்பரில் வந்த வருஷம்தான் அவருக்கு உன் பிறந்தநாள் ஞாபகம் வந்தது. நீ அவரோடு பேசுவதை நான் தடுத்தேனா? ஒரு தடவையாவது? பிள்ளை தகப்பனோடு பேசட்டும் என்றுதான் இருந்தேன். மேஜையில் உட்கார்ந்ததைக் கூட நான் விழுங்கியிருப்பேன் டமேரா. அதற்குப் பிறகு வந்ததைத்தான் விழுங்க முடியவில்லை. டிவிக்காரர் உன் ஷாட்டைப் பற்றிச் சொன்னார், பந்து இவ்வளவு உயரமாக வளைந்து போய் விழுவதை நான் பார்த்ததில்லை, எட்டடி ஆள் வந்தாலும் தடுக்க முடியாது என்று. உடனே மைக்கை அந்த மனிதரிடம் நீட்டினார்கள். அவரும் கூச்சமில்லாமல், "நான்தான் சொல்லிக்கொடுத்தேன், வீட்டு வாசல்ல, நிலாவத் தாண்டிப் போடு பாப்பான்னு சொல்வேன்" என்றார். நிலாவாம். நீ பக்கத்தில் நின்றாய். நீ சிரித்தாய். சிரித்துவிட்டு, "ஆமா, எல்லாம் எங்கப்பா கத்துக்கொடுத்ததுதான்" என்றாய்.

ஹாலில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் கோழியைப் பார்த்தார்கள். பாஸ்டர் பக்கத்தில் வந்து மெதுவாக, "மன்னிச்சிடுங்க சிஸ்டர், பிள்ளைக்கு இன்னிக்குப் பெரிய நாள்" என்றார். மன்னிப்பு வேற, மைக் வேற பாஸ்டர், என்று சொன்னேன். கேக்கில் அணியின் பெயரை எழுதாமலே வெட்டிக் கொடுத்துவிட்டேன்.

நிலாவைத் தாண்டி எப்படிப் போனது என்று உனக்குத் தெரியாதா? அந்த வளையத்தை நட்டது நான். நூலகத்துப் புத்தகத்தைப் பார்த்து, கார் ஷெட் தரையில் நின்று பத்தடி அளந்து, சிமெண்ட் குழைத்து நட்டேன். நீ நின்று எறிகிற பாதை தெருப்பக்கமாகச் சரிந்து போகிறதே, அதை நான் கணக்கில் எடுக்கவில்லை, நீ நிற்கிற இடத்துக்கு வளையம் பத்தடிக்கும் மேலே போய்விட்டது, புத்தகம் எழுதியவருக்கும் நம் வீட்டு வாசல் தெரியாது. ஐந்தாம் வகுப்பில் முதல் தடவை பள்ளி மைதானத்தில் போய் நீ எறிந்ததெல்லாம் வளையத்தைத் தாண்டிச் சுவரில் மோதியதாம், அழுதுகொண்டே வந்து, "அம்மா, நம்ம வளையம் பொய் வளையம்மா, எல்லாரும் சிரிக்கறாங்க" என்றாய். நான் அன்றைக்கே இறக்கிவிடலாம் என்று ஏணியை எடுத்து வந்தேன். ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு நீதான் சொன்னாய், "இறக்காதம்மா, இதுல போட்டுப் பழகிட்டா எங்க வேணா போடலாம்" என்று. அதிலிருந்து இரண்டு உயரத்துக்கும் எறிந்து எறிந்து வந்த வளைவு அது. நீ பாதை நடுவில் நின்று எறிய, தவறிய பந்து சரிவில் உருண்டு தெருவுக்குப் போகாமல் கீழே ஏப்ரனோடு நின்று மறித்துப் பொறுக்கிப் போட்டது யார்? பனிக்காலத்தில் அந்தப் பாதையில் உப்புத் தூவியது யார்? நிலாவா?

இப்போது நேற்றைய விஷயம். "அது சும்மா ஒரு கதைம்மா, அப்பா பொண்ணு கதைன்னா ஷூ கம்பெனிக்குப் பிடிக்குமாம், ஏஜென்ட் சொன்னா. சனிக்கிழமை கேமராக்காரங்க நம்ம வீட்டு வாசல்ல விளம்பரம் எடுக்க வராங்க, அப்பாவும் நானும் வரோம், நீ மட்டும் கொஞ்ச நேரம் யூனிஸ் ஆன்ட்டி வீட்ல இரேன், ப்ளீஸ்." இதுதானே நீ கேட்டது? என் வீட்டு வாசலில் படம் எடுக்க நான் வீட்டை விட்டுப் போக வேண்டும். யூனிஸ் கேட்டுவிட்டு, "போ போ, வெள்ளிக்கிழமையே வளையத்தப் பிடுங்கி என் வண்டில போடு, அந்த ஆளு வெறும் குழியில போட்டுக் காட்டட்டும்" என்றாள். நேற்று ராத்திரி முழுக்க அதையேதான் நானும் யோசித்தேன், பொய் சொல்லமாட்டேன்.

பிடுங்கவில்லை. அது உன் வளையம். யூனிஸ் வீட்டுக்கும் போகமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை உடுப்பைப் போட்டுக்கொண்டு முன்வாசல் படியில் உட்கார்ந்திருப்பேன், கேமராவுக்கு நடுவில் வரமாட்டேன், ஒரு வார்த்தை பேசமாட்டேன். யாராவது என்னைக் கேட்டால் மட்டும் நடந்ததைச் சொல்வேன், கேட்டவரிடம் பொய் சொல்ல வேதத்தில் எனக்கு அனுமதி இல்லை.

அவர் எறிவார். எறியாமல் கற்றுக்கொடுத்தேன் என்று எப்படிக் காட்டுவார்? ஹைஸ்கூலில் ஆடியவர், கை நன்றாகத்தான் இருக்கும், பத்தடிக்குப் பழகிய கை. நீ நிற்கிற இடத்தில் நிற்பார், எறிவார், பந்து வளையத்தின் முன்விளிம்பில் இடிக்கும். மறுபடியும் இடிக்கும். காற்று என்பார், புது ஷூ என்பார். ஏன் குறைகிறது என்று அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். அந்த நேரத்தில் கேமரா உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், நானும் பார்த்துக்கொண்டிருப்பேன். பந்து சரிவில் உருண்டு தெருவைத் தாண்டிச் சாக்கடைக்குப் போகும். நான் எழுந்திருக்கமாட்டேன்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லாமல் விட்டால் நான் உன் அம்மா இல்லை. டிராஃப்டில் பெயர் வாசித்தார்கள் என்பதற்காக அணியில் இடம் கிடைத்துவிட்டது என்று நினைக்காதே, பயிற்சி முகாமில் பாதிப் பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அதற்குள் காரும் கீரும் வாங்காதே. அங்கே யாராவது வளைவைக் கொஞ்சம் தாழ்த்து என்று சொன்னால் அன்றைக்கு யாரைக் கூப்பிட்டுக் கேட்பாய் என்பதையும் யோசித்து வை. பட்டம் வாங்க இருக்கும் கடைசிப் பாடத்தை எழுதி அனுப்பு. காலையில் ஜெபம் பண்ணாமல் கதவைத் தாண்டாதே. நீ என் பெயரைச் சொல்ல மறந்தாலும் கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் கணுக்கால் இரண்டையும் காக்கட்டும்.

வெள்ளிக்கிழமைக்குள் அந்த ஏஜென்ட்டிடம் உண்மையைச் சொல்ல உனக்கு மனம் வந்தால் ஒரு ஃபோன் போடு. வாசலைப் பெருக்கி, ஏப்ரனை எடுத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
உனக்குப் பந்து பொறுக்கிப் போட்ட அம்மா
வெர்லின் ப்ரூயிட்