பட்டியலில் இரண்டாவது பெயர்

இன்று காலையும் போனில் அந்தச் செய்தி வந்தது. சனிக்கிழமைதோறும் சபையிலிருந்து வருவதுதான்: நாளை ஆராதனையில் உங்கள் வீட்டாருக்காக ஜெபிக்கிறோம். கீழே நாலு பெயர். என் மகன், நீ, உன் மகள், நான். உன்னைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்து எட்டு மாதம் ஆகிறது, மருமகளே.

உன் புருஷன் அதைப் பார்த்துவிட்டு இட்லித் தட்டைத் தள்ளிவைத்தான். சனிக்கிழமைகளில் அவன் சாப்பிடுவதே இல்லை. "யம்மா, நீயாவது போய் அவ பேர எடுக்கச் சொல்லும்மா. வாராவாரம் என்னால முடியல."

சபை அலுவலகத்து தேவராஜ் ஐந்தாறு முறை எடுத்துப் பார்த்துவிட்டார். "பேரு போவுது பெரிம்மா, என் கண்ணால பாக்கறேன். மூடிட்டு தொறந்தா திரும்ப வந்து குந்திகினு கீது." இப்போதெல்லாம் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடும் முன் அவர் ஜெபம் பண்ணுகிறார்.

எனக்கும் முதலில் உடம்பு சிலிர்த்தது. பிறகு ஞாபகம் வந்தது. எனக்கு எதுவும் மறக்காது, நீ அறிவாய்.

என்னைக் கேட்காமல் என் மகனைக் கட்டிக்கொண்டவள் நீ. அதற்காக, கோவில்பதாகையில் நாம் இருந்த வீட்டில் பதினோரு மாதம் உன்னோடு பேசவில்லை. சபைக்காக அந்தக் குடும்பப் பதிவேட்டை நீ கம்ப்யூட்டரில் செய்துகொண்டிருந்த நாளில்தான் வாயைத் திறந்தேன். "உன் பேரு கீற எடத்துல என் பேரு இன்னாத்துக்கு? எடு." மறுபேச்சில்லாமல் என் பெயருக்குப் பக்கத்திலிருந்த பெருக்கல் குறியைத் தட்டினாய். போனது. மறுநாள் பார்த்தால் இருந்தது.

"ஏமாத்துறியா?"

"இல்ல அத்தே. உக்காருங்க, சொல்றேன்."

ஒரு குடும்பத்துக்கு ஒரு வரி, அந்த வரியில் ஒரே கட்டத்துக்குள் எல்லாப் பெயரும் அடுக்கியிருக்கும் என்றாய். புரோகிராம் அந்த அடுக்கை ஒரு டப்பாவாகக் கையில் வாங்கிக்கொள்ளுமாம். நான் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போனவள் என்று அதை வைத்தே சொன்னாய். "உங்க கம்பெனி கேட்டுல நிக்கிற வாட்ச்மேன் மாதிரி அத்தே. வெளிய போறப்ப, காலைல கொண்டாந்த அதே டப்பாவான்னு பாப்பான், தொறந்து பாக்கமாட்டான். உள்ள ஒண்ணு கொறஞ்சாலும் அவனுக்கு எதுவும் மாறல. எல்லாப் பேரையும் புதுசா எழுதிக் குடுத்தாதான் அது வேற டப்பா. அப்பதான் எழுதி வச்சுக்கும்."

"தெரியுதில்ல, சரி பண்ணேன்."

"ஒரு வரி எழுதினா போதும்." சிரித்தாய். "நீங்க எடுக்கச் சொல்றத நிறுத்துற வரைக்கும் இப்டியே கெடக்கட்டும்."

நான் நிறுத்தினேன். நீ சரிசெய்யவில்லை. மறந்தாயோ, என்னை நம்பவில்லையோ.

இன்று சபைக்கு நடந்தேன். "பெருக்கல் குறியத் தொடாதய்யா. மேல புதுசா எழுதறதுக்கு எடம் கீது பாரு, அதுல மொத்தமா எழுது," என்றேன்.

"உங்களுக்கு எப்டி பெரிம்மா தெரியும்?"

"அவதான் சொன்னா."

"எப்போ?"

நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். தேவராஜ் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். ஒரு ஜெபத்தை முணுமுணுத்துவிட்டுத்தான் மறுபடி வைத்தார். "ஒவ்வொண்ணா சொல்லுங்க."

மகன் பெயரைச் சொன்னேன். அடுத்தது பேத்தி பெயர் என்று மனசில் வைத்திருந்தேன். வாயிலிருந்து வந்தது உன் பெயர். நீ இருந்த நாளில் ஒரு தடவைகூட உன்னை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "இந்தா" என்பதோடு சரி. அந்த அறையில் அதை வேறு யாரோ சொன்னது போலிருந்தது.

"எடுக்கத்தானே வந்தீங்க?"

"எழுதுய்யா."

நாலு பெயரும் எழுதி, மூடித் திறந்தார். நாலும் இருந்தன.

இத்தனை நாள் உன்னை அங்கே வைத்திருந்தது நீ சரிசெய்யாமல் விட்ட ஒரு குறை. இனி அப்படிச் சொல்ல முடியாது. அடுத்த சனிக்கிழமை உன் புருஷன் தட்டைத் தள்ளும்போது, வைத்தது நான்தான் என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லியாக வேண்டும்.