அவள் விழுந்த தடத்தில் பூ

ட்ரெவேலெஸ்
ஜூலை 6, 1998

அன்புள்ள ஃபெர்மின்,

அத்ராவின் கடல்காற்று உன் மூட்டுவலிக்கு ஒத்துக்கொள்கிறதா? எத்தனை கடிதம் போட்டாலும் பதில் இல்லை. தபால்காரர் மேல் பழி போடவும் மனசு வரவில்லை.

ஒரு செய்தி. நம் மகள் நியெவெஸ் விழுந்த பாறைச் சரிவில் மன்சனீயா முளைத்திருக்கிறது. வயிற்றுவலிக் கஷாயத்துக்கென்று ஊரே பறித்துத் தீர்த்த அதே வெள்ளிநிறச் செடி. அதன் விதைக்காகத்தானே அன்று ஏறினாள். விழும்போது பை கிழிந்திருக்க வேண்டும். உச்சியிலிருந்து அடிவரை, அவள் விழுந்த தடத்திலேயே பூத்திருக்கிறது. அழியவிடாமல் காக்க நாற்றுப்பண்ணையில் நாங்கள் வளர்த்தவை எல்லாம் கருகிவிட்டன. பிழைத்தவை இவைதான்.

ஆடு மேய்க்கும் தொர்குவாத்தோ அந்தப் பக்கம் வர மறுக்கிறான். "அங்க யாரோ சீட்டியடிக்கிறாங்கக்கா. உங்க பொண்ணு மாதிரியே இருக்கு" என்கிறான். வாயை மூடு என்று திட்டினேன். மறுநாள் எனக்கும் கேட்டது.

உன் என்கார்னா

அத்ரா
ஜூலை 15

என்கார்னா,

அந்தச் செடி என் மகளைத் தின்றது. இப்போது அவள் ரத்தம் சிந்திய இடத்தில் பூக்கிறதா? அழிந்தே போகட்டும். பூ இல்லையென்றால் அதற்காக யார் பிள்ளையும் பாறை ஏறாது.

இங்கே மணலில் நடந்தால்கூட எனக்குப் பின்னால் சரளைக்கல் உருளும் சத்தம் கேட்கிறது. அந்தச் செடியை நீ காப்பாற்றப் போகிறாய் என்றால், இனி எனக்கு எழுதாதே.

ஃபெர்மின்

ட்ரெவேலெஸ்
ஆகஸ்ட் 4

அன்புள்ள ஃபெர்மின்,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ மண்வெட்டியோடு சரிவுக்குப் போனதை எதிர்மேட்டிலிருந்து தொர்குவாத்தோ பார்த்திருக்கிறான். "மாமா ஒன்னையும் புடுங்கலக்கா. பூவுக்குப் பக்கத்துல உக்காந்து யார்கிட்டயோ பேசுற மாதிரி இருந்தாரு" என்றான்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு செடிகூடக் குறையவில்லை. அடியில் அடர்த்தியாகப் பூத்த இடத்தைச் சுற்றி ஆடு நுழையாதபடி கல் அடுக்கியிருந்தாய். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இவ்வளவு செய்தவன், வீட்டுக்கு வந்து ஒரு வாய் சூப் குடித்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

உன் என்கார்னா

அத்ரா
ஆகஸ்ட் 11

அன்புள்ள என்கார்னா,

பிடுங்கத்தான் வந்தேன். நான் போய்ச் சேரும்போதே அந்தக் கல்வட்டம் இருந்தது. நீ அடுக்கியதென்று நினைத்தேன். நீயும் இல்லையென்று உன் கடிதம் சொல்கிறது.

காலமெல்லாம் கல்சுவர் கட்டிப் பிழைத்தவன் நான். அந்த வட்டத்தில் சின்னக் கல் அடியில், பெரிய கல் மேலே. அப்படி அடுக்கி என்னிடம் திட்டு வாங்கியவள் ஒருத்திதான். "நிக்குதா இல்லையாப்பா? அத மட்டும் பாரு" என்பாள்.

தொர்குவாத்தோவிடம் கேட்காதே. யாரிடமும் எதுவும் கேட்காதே.

அந்த அடுக்கு பனிக்காலத்தைத் தாங்காது. சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். அவள் அடுக்கியதில் ஒரு கல்லையும் தொடமாட்டேன். அதற்கு வெளியே, இன்னொரு சுற்று கட்டுகிறேன்.

உன் ஃபெர்மின்