கருப்பனுங்க சாமி

அன்புள்ள அப்பா,

கண்ணு என்று கூப்பிட ஆளில்லாமல் போன உங்கள் கண்ணு எழுதுகிறேன். நீங்கள் போனபிறகு இரண்டு ஆடி வந்து போய்விட்டது. வீரபாண்டியில் நம் வீட்டில் உங்கள் கட்டில் அதே மூலையில்தான் கிடக்கிறது. துவைத்த துணிகளை மடிக்காமல் அதன்மேல் குவித்து வைக்கிறேன், பார்த்தால் திட்டுவீர்கள்.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று எனக்கே பிடிபடவில்லை. உங்கள் அப்பாவைக் கண்டுபிடித்துவிட்டேன். அவர் ஓடிப்போகவில்லை. அசாமில் ஒரு ராணுவக் கல்லறைத் தோட்டத்தில், வரிசையாக நட்டிருக்கும் கற்களில் ஒன்றின் கீழே இருக்கிறார். நீங்கள் சுவரைப் பிடித்து நடக்கப் பழகிய வருஷத்திலேயே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அத்தனை காலமும் அங்கேயேதான் இருந்திருக்கிறார், அப்பா. நம் ஊர் கொமரலிங்கத்தில் உங்களை ஓடிப்போனவன் பையன் என்று கூப்பிட்டபோதும், பெண் பார்க்கப் போன வீட்டில் 'அப்பன் எங்கே?' என்று கேட்டுவிட்டு உங்களை வாசலோடு திருப்பி அனுப்பியபோதும். பட்டாளத்திலிருந்து தப்பிப் போய் பர்மாவில் இன்னொருத்தியோடு குடும்பம் நடத்துகிறார் என்று ஊரே கூட இருந்து பார்த்த மாதிரி பேசியது. உங்கள் அம்மா கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை. அதற்கும் சிரித்தார்கள்.

அமாவாசைக்கு மற்ற வீடுகளில் செத்தவர்களுக்கு இலை போடுவார்கள். நம் வீட்டில் உங்கள் அப்பாவுக்கு மட்டும் இலை கிடையாது. உயிரோடு இருக்கிறவருக்குப் படையல் போடுவது ஆகாது என்பீர்கள். செத்திருந்தால் பட்டினி போடுகிறோமே என்றும் நீங்களே புலம்புவீர்கள். அன்றைக்கு மட்டும் உங்களுக்குச் சோறு இறங்காது.

ஆஸ்பத்திரியில் நீங்கள் கோர்வையாகப் பேசிய கடைசிப் பேச்சும் அதைப் பற்றித்தான். "பணங்காசு ஒண்ணும் வேண்டாங் கண்ணு. எங்கப்பன் ஓடிப்போவுலீன்னு ஒரே ஒரு ஆளு சொன்னாப் போதும்." நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய முடியும்? எனக்கு அப்போது ஒன்றும் தெரியாதே.

உங்கள் காரியம் முடிந்ததும் தேட ஆரம்பித்தேன். அந்த ஜப்பான் யுத்தத்தில் செத்த சிப்பாய்களை எங்கே புதைத்தார்கள் என்ற பதிவேடுகளை இப்போது கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம் அப்பா. நீங்கள் வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூருக்கு பஸ் ஏறி, ஆபீஸ் ஆபீஸாய் நின்று, "அப்படி யாரும் இல்லீங்க" என்ற பதிலோடு திரும்பி வந்தீர்களே, அந்த அலைச்சல் இல்லை. ஆனால் பதில் என்னவோ அதேதான் வந்தது. கருப்பன் என்று அடித்தால் ஊர்ப்பட்ட கருப்பன்கள். சேலத்துக் கருப்பன், மதுரைக் கருப்பன், திருச்சிக் கருப்பன். எல்லாரும் செத்திருந்தார்கள். நம் கருப்பனை மட்டும் காணோம். ஒருவேளை ஊர் சொன்னதுதான் உண்மையோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. அதை உங்கள் படத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

என் வேலை உங்களுக்குத் தெரியும். பனியன் கம்பெனியில் செக்கிங். கழுத்தில் தைக்கிற லேபிளில் ஒரு எழுத்து தப்பாக இருந்தாலும் பீஸை வெளியே விடமாட்டேன், பிரித்து மறுபடி தைக்கச் சொல்லி உயிரை எடுப்பேன். எழுத்து எங்கெங்கே கெடும் என்று எனக்குத் தெரியாதா? ஆள் பெயரை விட்டுவிட்டேன். ஊர்ப் பெயரை இங்கிலீஷில் எப்படியெல்லாம் கெடுக்க முடியுமோ அப்படியெல்லாம் கெடுத்து அடித்துப் பார்த்தேன். கடைசியில் ஒரு கெட்டுப்போன கொமரலிங்கம் அகப்பட்டது.

கோயம்புத்தூர் ஜில்லா, கொமரலிங்கம், மாரன் மகன் என்று போட்டிருந்தது. உங்கள் தாத்தா மாரன். அவர் பெயரைத்தானே உங்களுக்கு வைத்தார்கள்? உங்கள் பெயரை அங்கே பார்த்ததும் அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தேன். ஆனால் செத்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நீளமாய் ஏதோ ஒன்று இருந்தது. விளங்கவில்லை. டீ நேரம், மிஷின்கள் நின்றிருந்தன. எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தேன்.

"கருப்பனுங்க சாமி."

பக்கத்து டேபிளில் இருக்கும் ஜோனாலி, அசாம் பெண், டீ கிளாஸோடு திரும்பிப் பார்த்தாள். "யாரைக் கூப்பிடறீங்க அக்கா?"

நான் யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் அது உங்கள் குரல், அப்பா. கம்பெனி கேட்டில், பேங்கில், ஆஸ்பத்திரியில், எவன் பெயர் கேட்டாலும் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு "மாரனுங்க சாமி" என்பீர்களே. என் வயசுகூட இல்லாத பையன்களிடமெல்லாம் அப்படித்தான் சொல்வீர்கள். பெயரைக் கேட்டால் பெயரை மட்டும் சொல்லித் தொலையுங்கள் என்று நான் பல்லைக் கடிப்பேன். "வாயில தானா வருது கண்ணு" என்று சிரிப்பீர்கள்.

உங்கள் அப்பாவுக்கும் வாயில் தானாக வந்திருக்கிறது. பட்டாளத்துக்கு ஆள் எடுத்த இடத்தில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவன் பெயர் கேட்டிருப்பான். கருப்பனுங்க சாமி என்று இவர் கும்பிட்டுக்கொண்டே சொல்லியிருப்பார். தமிழ் தெரியாதவனோ, தெரிந்தும் அக்கறை இல்லாதவனோ, காதில் விழுந்ததை விழுந்தபடியே எழுதிவிட்டான். அந்தப் பெயரோடுதான் அவர் பட்டாளத்துக்கு ரோடு போடப் போனார், அந்தப் பெயரோடுதான் செத்தார். எப்படிச் செத்தார் என்று பதிவேட்டில் ஒரு வார்த்தை இல்லை. குண்டா? காய்ச்சலா? மண் சரிந்து விழுந்ததா?

கொமரலிங்கத்துக்குப் போய்ச் சித்தப்பாவிடம் சொன்னேன். ஓடிப்போன கதையை உங்கள் முகத்துக்கு நேராகவே சொன்னவர்தானே உங்கள் பங்காளி, முதலில் அவருக்குத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கோபத்தோடுதான் போனேன். போனில் கல்லறைப் பதிவைக் காட்டி, பெயரைப் படித்தேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மறுபடி படிக்கச் சொன்னார்.

"பின்ன எப்படிக் கண்ணு சொல்லுவாங்க? அந்தக் காலத்துல வெறும் பேரைச் சொன்னா, திமுராடான்னு செவுள்ல உழுகும்."

"செத்துப்போனாருன்னு கடுதாசி வந்திருக்குமில்லீங்களா சித்தப்பா?"

"வந்திருக்கும். ஆனா சாமின்னு பேரு போட்டு வந்தா அது நம்ம தெருவுக்கு எப்படி வரும்? மேலத் தெருவுல கேட்டுட்டு, அப்படி யாருமில்லீன்னு திருப்பி உட்டிருப்பாங்க." நான் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "பெரியப்பனுக்கு நாம எழவே கூட்டுலியே கண்ணு. ஒரு மோளம் அடிக்குலியே. செத்த மனுசன ஓடிப்போனான் ஓடிப்போனான்னு பேசீட்டே இருந்துட்டமே."

திட்டுவதற்காக எடுத்துப் போன வார்த்தைகள் எல்லாம் அப்படியே திரும்பி வந்துவிட்டன. ஓடிப்போயிருக்க மாட்டார் என்று உங்களிடம் அவர் ஒருமுறை சொல்லியிருக்கலாம். நீங்கள் இருந்தபோது சொல்லியிருக்கலாம்.

ஜோனாலி பிஹு பண்டிகைக்கு ஊருக்குப் போனாள். அவள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில்தான் அந்தத் தோட்டம். அங்கிருந்து வீடியோ காலில் கூப்பிட்டாள். "அக்கா, எல்லாம் சாஃப் இருக்கு. புல் கட்டிங் பண்ணி வெச்சிருக்கு. பாருங்க, உங்க தாதாஜி." சின்னக் கல், அப்பா. மேலே இந்தியில் ஏதோ சாமி வாக்கியம், கீழே அந்தப் பெயர். அவள் ஒரு சிவப்புப் பூவை வைத்து, "கருப்பனுங்க சாமி, கருப்பனுங்க சாமி" என்று சொல்லிக் கண்ணை மூடிக் கும்பிட்டாள். பிறகு என்னிடம் கேட்டாள், "சாமின்னா, உங்க தாதாஜி கோயில் பூஜாரியா?"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. யாரைக் கண்டாலும் குனிந்தவர், செத்து மண்ணுக்குள் போன பிறகும் குனிந்துகொண்டே இருக்கிறார். கல்லில் வெட்டி வைத்துவிட்டார்கள்.

அந்தக் கற்களைப் பராமரிக்கும் ஆபீஸுக்கு எழுதினேன். பெயரைத் திருத்துங்கள், 'ங்க'வும் 'சாமி'யும் பெயர் இல்லை, அது எங்கள் பக்கத்தில் பயத்தோடு பேசும் மரியாதை என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். உங்கள் ஓட்டுக் கார்டை நகல் எடுத்து அனுப்பினேன். உங்களையும் அவரையும் சேர்த்து எழுதிய காகிதம் அது ஒன்றுதானே இருக்கிறது, தந்தை பெயர் கருப்பன் என்று. பணிவாகத்தான் பதில் வந்தது. படையில் சேரும்போது அவரே தம் வாயால் சொன்ன பெயர் இது, மாற்ற வேண்டுமானால் அந்தக் காலத்து ஆதாரம் வேண்டுமாம்.

அவரே சொன்ன பெயர். இதற்கு நான் என்ன பதில் எழுதுவது, சொல்லுங்கள்? அந்தக் காலத்தில் நம் தெருவில் யாருக்கு யார் ஆதாரம் எழுதிக் கொடுத்தார்கள்? லேபிள் தப்பாக இருந்தால் ஒரு பனியனைக்கூட வெளியே விடாத ஊரில் இருந்துகொண்டு, ஒரு மனுஷனை இப்படி விட்டுவிட வேண்டுமா?

விடமாட்டேன் அப்பா. திரும்பத் திரும்ப எழுதுவேன், அவர்கள் சலித்துப்போகட்டும். தை அமாவாசைக்கு இரண்டு இலை போடுவேன். உங்களுக்குப் பக்கத்திலேயே அவருக்கு. சித்தப்பாவும் வருகிறேன் என்றிருக்கிறார். அடுத்த பிஹுவுக்கு ஜோனாலியோடு ரயிலேறி அந்தக் கல்லுக்கு முன்னால் போய் நிற்பேன். நின்று, சத்தமாக, கருப்பன் என்று கூப்பிடுவேன். பெரியவங்க பேரை அப்படி மொட்டையாச் சொல்லலாமா கண்ணு என்று நீங்கள் பதறுவீர்கள். பதறாதீர்கள். அவரை அப்படிக் கூப்பிட இனி நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

அங்கே கேட்டில் வருகிறவர்கள் பெயர் எழுத ஒரு நோட்டு இருக்கிறதாம், ஜோனாலி சொன்னாள். யார் என்று கேட்டால் நிமிர்ந்து நின்று எப்படிச் சொல்ல வேண்டும் என்று வீட்டில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். உங்களுக்கும் ஒருமுறை எழுதிக் காட்டுகிறேன்.

கருப்பன் மகன் மாரனின் மகள்.