உள் வீதியால் போன நாள்

எத்தாளை,
சனிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

அன்பு மச்சான் இஸ்ஹாக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் அருளால் இங்கே எல்லோரும் இருக்கிறோம். "நலமாக" என்ற சொல்லை வேண்டுமென்றேதான் விட்டேன். கடைசிவரை வாசித்தால் ஏனென்று உனக்கே தெரியும்.

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுவான் என்று நீ சிரிப்பாய். இந்தக் கவருக்குள் ஒரு படிவம் இருக்கிறது. அது தாளாக வந்து தாளாகத்தான் திரும்ப வேண்டும். லீவு முடிந்து அஸ்மின் திங்கட்கிழமை டோஹாவுக்குத் திரும்புகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. நீ போனில் கோல் எடுத்து உன் குரலைக் கேட்டால் எனக்கு வேறு கதை வந்துவிடும். இரண்டு வருஷமாக அப்படித்தான் தப்பிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் வீட்டுப் புதினம். உன் உம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. புதன்கிழமை கிளினிக்குக்கு நான்தான் ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். கூலி வேண்டாம் என்றால் கோபிக்கிறார், வாங்கினால் எனக்குப் பொறுக்கவில்லை. உன் தங்கை ஸும்ராவின் சின்னவன் நடக்கத் தொடங்கிவிட்டான், கதிரையைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றுகிறான். என் வீட்டுக்காரி றைஸா சுகம். இந்த முறை வெங்காயம் மழையில் அழுகிப் போனது, அதனால் ஊரில் ஓட்டோவுக்கு ஹயர் போக ஆளும் இல்லை. காசு இல்லாதவன் நடந்துதானே போவான்.

இப்போது ஊரை உலுக்குகிற கதை வாகனக் கட்டணம். பதிவுக் கட்டணம், பெயர் மாற்றும் கட்டணம், வருஷா வருஷம் எடுக்கிற லைசன், எல்லாவற்றையும் கூட்டலாமா என்று அரசாங்கத்தில் யோசிக்கிறார்களாம். வருகிற காசில் ஆஸ்பத்திரிக்கு அம்புலன்ஸ், பிள்ளைகளுக்கு பஸ், உடைந்த வீதி எல்லாம் செய்வார்களாம். இன்னும் முடிவாகவில்லை, சனங்களின் கருத்தைக் கேட்கிறார்கள். தேத்தண்ணிக் கடையில் இதைத் தவிர வேறு கதையே இல்லை. நம் ஓட்டோக்காரர்களுக்கு இது மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி மாதிரி. கூட்டினால் கட்ட வழியில்லை, கூட்டாவிட்டால் குழிக்குள் விழுந்து டயர் போகிறது.

இந்தக் கதையால்தான் நம் ஓட்டோ இன்னும் உன் பெயரில் இருப்பது நினைவுக்கு வந்தது. நீ டோஹா போகிற நாள் அதை எனக்கு விற்றாய். ஊர் வழக்கப்படி நாம் பெயரை மாற்றவில்லை. பெயர் மாற்றும் படிவத்தில் நீ கையொப்பம் மட்டும் போட்டு, திகதியும் வாங்குபவன் பெயரும் எழுதாமல் என் கையில் தந்தாய். "ஓப்பன் பேப்பர் இருக்கு, பிறகென்ன?" என்றாய். இந்தக் கரையில் பாதி வாகனம் வெளிநாட்டில் இருப்பவன் பெயரில் ஓடுகிறது, மீதி மௌத்தாகி மண்ணுக்குள் போனவன் பெயரில் ஓடுகிறது. கட்டணம் கூடுவதற்கு முன்னால் மாற்றிவிட வேண்டும் என்று இப்போது எல்லோரும் பெட்டியைக் கிண்டித் தாள் தேடுகிறார்கள்.

நானும் தேடினேன். சீட்டுக்குக் கீழே பொலித்தீனில் சுற்றி வைத்திருந்தேன். ஆலங்குடாவிலிருந்து இறால் பெட்டி ஏற்றுகிறேனே, அதன் ஐஸ் தண்ணீர் எப்போதோ உள்ளே இறங்கியிருக்கிறது. உன் கையொப்பம் இருந்த இடத்தில் நீலமாக ஒரு கறை மட்டும்தான் மிச்சம். அதனால்தான் புதுப் படிவம் அனுப்புகிறேன். நீ கையொப்பம் போடாவிட்டால் ஏழு வருஷம் ஓடிய இந்த ஓட்டோ எனக்குச் சொந்தம் என்று சொல்ல ஒரு துண்டுத் தாளும் இல்லை. ஆனால் இப்போதே பேனாவைத் தேடாதே, மச்சான். மிச்சத்தையும் வாசி.

போன ஞாயிற்றுக்கிழமை பாடசாலை மண்டபத்தில் இதற்குக் கூட்டம் வைத்தார்கள். எங்கள் ஓட்டோச் சங்கத்துக்காக நான் பேச வேண்டும் என்று தலைவர் அஹமட் நானா முடிவு செய்தார். எனக்குக் கையெழுத்து வடிவு என்பதால் பேச்சும் வடிவாக வரும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. கட்டணம் கூடாது என்பதற்கு நான்கு காரணம் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

லொறிக்காரர்கள் கத்தினார்கள். கொடுக்கிற காசெல்லாம் கடலில் கரைத்த பெருங்காயம்தான், இதுவரை கட்டியது எங்கே என்று ஒருவர் கேட்டார். பொய்யென்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரித் தாதி கத்தரினா எழும்பினார். "ஒரு அம்புலன்ஸ், ரெண்டு நோயாளி. யாரை ஏத்துறது எண்டு நான்தான் சொல்லணும். நீங்க ஒருநாள் வந்து என்ட கதிரையில இருந்து சொல்லிப் பாருங்க" என்றார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பிரசவக் கேஸ் ஒன்றோடு அம்புலன்ஸ் புத்தளத்துக்குப் போயிருந்த நேரம், எத்தாளையிலிருந்து ஒரு பெரியவருக்கு நெஞ்சு வலி என்று கோல் வந்ததாம். அனுப்ப ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்ததாம்.

அது உன் வாப்பா, மச்சான்.

உடனே அஹமட் நானா துள்ளி எழும்பி என் தோளைப் பிடித்தார். "அம்புலன்ஸ் வரல்லதான். ஆரு வந்த? இந்தா, எங்கட ஸஜீத் வந்தான். இந்த ஊருக்கு அம்புலன்ஸே நாங்கதான். எங்களுக்கே கூட்டுறதா?" என்று கேட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு, மச்சான். உன் வாப்பாவின் மௌத்துக்காக எனக்குக் கை தட்டினார்கள்.

நான் எழும்பினேன். எழுதிய நான்கு காரணத்தையும் பையிலிருந்து எடுக்கவில்லை. "அண்டைக்கு என்ட ஓட்டோவுக்கு லைசன் இருக்கல்ல" என்று மட்டும் சொன்னேன். சொன்னதும் மண்டபம் சிரித்தது. பாருங்கள், இருக்கிற கட்டணத்தையே கட்ட முடியாதவனிடம் இன்னும் கேட்கிறீர்கள் என்று அஹமட் நானா அதையே பிடித்துப் பேசினார். மறுபடியும் கைதட்டல். கூட்டத்துக்கு வந்த அதிகாரி அதைக் குறித்தும் கொண்டார். இரண்டு வருஷம் நெஞ்சில் கிடந்த ஒன்றைச் சபையில் சொன்னேன், அது ஐந்தாவது காரணமாகப் போய்விட்டது. ஒருவருக்கும் விளங்கவில்லை. நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

உனக்கு விளங்கவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அன்று மதியம், லுஹர் தொழுகை நேரம். உன் உம்மா கோல் எடுத்தார், ஐந்து நிமிஷத்தில் வந்தேன். வாப்பாவை நானும் பக்கத்து வீட்டுக்காரரும் தூக்கிப் பின்சீட்டில் சாய்த்தோம். வாப்பா காலை நீட்டிக் கிடக்கட்டும் என்று உம்மாவையும் ஸும்ராவையும் பின்னால் வேறு வாகனத்தில் புத்தளம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன். இதுவரை உனக்குத் தெரியும்.

அந்த நேரம் ஓட்டோவின் லைசன் முடிந்து மூன்று மாதம். புகைச் சோதனையில் எஞ்சின் தேறவில்லை. எஞ்சினைத் திருத்தாமல் சோதனை இல்லை, சோதனை இல்லாமல் லைசன் இல்லை. நாளைக்குப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம் என்று ஓடிக்கொண்டிருந்தேன். நுரைச்சோலை வர முன்னால் எதிரே வந்த ஓட்டோக்காரன் லைட் அடித்துக் காட்டினான். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்: முன்னால் பொலிஸ் மறிக்கிறது. நான் யோசிக்கவே இல்லை, மச்சான். கை தானாகவே திரும்பியது. களப்புக் கரைப் பக்கம் வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவால் போகிற உள் வீதியில் இறங்கிவிட்டேன்.

மழை பெய்து அந்த மணல் வீதி ஊறிக் கிடந்தது. ஒரு இடத்தில் ஓட்டோவின் சில்லு மணலில் புதைந்தது. தோட்டத்தில் நின்றவர்கள் வந்து தள்ளிவிட்டார்கள். மறுபடி பெரிய வீதியில் ஏற எனக்கு இருபது நிமிஷம் கூடப் போயிருக்கும்.

வாப்பாவுக்கு நினைவு இருந்தது. "ஏன் மகன் இந்தப் பக்கத்தால போறாய்?" என்று கேட்டார். பெரிய வீதியில் வேலை நடக்கிறது வாப்பா, இதுதான் கிட்ட என்று சொன்னேன். "சரி மகன்" என்றார். அதற்குப் பிறகு அவர் கதைக்கவில்லை. மன்னாரிலிருந்து விரட்டியபோது உடுத்த துணியோடு வந்து, உன்னையும் என்னையும் ஒரே பாயில் இருத்திச் சோறு போட்ட மனிதர். கடைசியாக அவர் காதில் விழுந்தது நான் சொன்ன பொய்.

பாலாவியைத் தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தேன். தலை சாய்ந்திருந்தது.

கொஞ்சம் முந்தி வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். எல்லோரிடமும் சொல்கிற சொல்தானோ என்னவோ. அந்த இருபது நிமிஷத்தில் வாப்பா பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை, அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஆனால் நோயாளி கிடக்கிற வாகனத்தை எந்தப் பொலிஸ் மறிப்பான்? நிறுத்தாமல் வழி விட்டிருப்பான். ஒரு துண்டுத் தாளுக்குப் பயந்து, ஒரு மனிதனைச் சுமந்துகொண்டு ஒளித்து ஓடினேன். அதுதான் என் பிழை. வறுமை என்று சொல்லி அதை மூட எனக்கு மனமில்லை.

ஜனாஸாவை நீ போனில் பார்த்து அழுதாய். "நீ இருந்ததால வாப்பா தனிய போகல்ல" என்று சொன்னாய். அடுத்த மாதம் எனக்குச் சட்டை வாங்கி அனுப்பினாய். அது இன்னும் அலுமாரியில் பொலித்தீனோடு கிடக்கிறது. ஏன் போடவில்லை என்று றைஸா ஒவ்வொரு பெருநாளும் கேட்கிறாள். அளவு சரியில்லை என்கிறேன்.

கட்டணத்தைக் கூட்டுவார்களோ, விடுவார்களோ, எனக்குத் தெரியாது. அடுத்த கூட்டத்துக்கு நான் போகப் போவதில்லை என்று அஹமட் நானாவிடம் சொல்லிவிட்டேன். கூட்டினால் கட்டுவேன். அந்தக் காசில் அம்புலன்ஸ் வருமா, பெருங்காயமாகக் கரையுமா என்று கேட்டுக்கொண்டு நிற்க எனக்குத் தெம்பில்லை. களைத்துப் போனேன், மச்சான்.

அஸ்மினிடம் கொடுக்கும் கவரில் இந்தக் கடிதத்தை மேலேயும் படிவத்தைக் கீழேயும் வைத்திருக்கிறேன். வாசித்த பிறகும் மனமிருந்தால் மட்டும் கையொப்பம் போடு. இல்லையென்றால் வெறுமையாகவே அனுப்பு, ஓட்டோவைக் கழுவி உம்மாவின் வாசலில் கொண்டுவந்து விடுகிறேன். அது உன் பெயரில்தானே இருக்கிறது. உன் மேல் எனக்கு ஒரு துளி வருத்தமும் வராது.

ஒரு விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்லாமல் இருந்துவிடாதே. உம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆத் தொழுகை முடிந்து நான் வரும்போது என்னைக் கூப்பிட்டுச் சோறு தருகிறார். நான் சாப்பிடும்போது பக்கத்தில் இருந்து கையேந்தி துஆக் கேட்கிறார். முதலில் உன் பெயரைச் சொல்கிறார், அடுத்ததாக என் பெயரைச் சொல்கிறார். உன் வாப்பாவைச் சுமந்துபோன பிள்ளையாம் நான். அந்தச் சோற்றில் பாதியை வைத்துவிட்டுக் கை கழுவிவிடுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை நான் அங்கே போகலாமா, மச்சான்? அதை மட்டும் சொல்.

அல்லாஹ் உன்னையும் உன் கை வேலையையும் காப்பாற்றட்டும். வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் நிற்காதே.

உன்,
ஸஜீத்