நாற்றம் அடங்கின பிறகு

9 ஆகஸ்ட் 1988, செவ்வாய்

தூறல். பல்லாவரத்தில் 7.40 ரயில் தவறியது. அடுத்ததில் தாம்பரம்வரை நின்றபடியே.

லேபில் ஹைட்ரஜன் சல்பைடு. கந்தகப் பொடிக்கு வாசனையே கிடையாது. ஹைட்ரஜனோடு சேர்ந்தால்தான் அழுகின முட்டை. கந்தக அணுவில் 16 எலக்ட்ரான்: 2, 8, 6. வெளிச்சுற்று நிரம்ப இரண்டு குறை. அந்த இரண்டுக்காக எதையும் பற்றிக்கொள்ளும். ஹைட்ரஜன், ஈயம், வெள்ளி.

பத்து நிமிடத்தில் நாற்றம் இல்லை. "கேஸ் போயிடுச்சு மேடம்" என்றேன்.

"கேஸ் போகலை. உன் மூக்கு போயிடுச்சு." ஈய உப்பில் தோய்த்த வெள்ளைத் தாளை, லெட் அசிடேட் தாளை, நனைத்து நீட்டினார். அப்படியே கறுத்தது.

உடனே அப்பா ஞாபகம்.

தோல் கம்பெனி மேஸ்திரி. மாதம் ஒருமுறை கழிவுத் தொட்டியில் இறங்கிச் சுத்தம் செய்ய முதலில் அவர், பிறகு கூட வேலை செய்யும் முனுசாமி அண்ணன். "மூடியத் தெற. நாத்தம் அடங்கட்டும், அப்பால எறங்கலாம்." பதினோரு வருடமாக இதே வாக்கியம். தோலில் முடி கழற்ற அங்கே ஊற்றுவது சோடியம் சல்பைடு. கழிவில் அமிலம் பட்டால் அதே கேஸ்.

அடுத்து இறங்குவது சனிக்கிழமை.

10, புதன்

அப்பாவிடம் சொன்னேன். சிரித்தார். "பதினோரு வருசமா எறங்கிகினு கீறேன். எனுக்குத் தெரியாத நாத்தமா?"

"தெரியாமப் போறதுதான்ப்பா ஆபத்து. அந்த கேஸ் காத்தைவிடக் கனம். அடியிலதான் தங்கும்."

"புஸ்தகத்த மூடிட்டு சோறு துன்னு."

அம்மா, அவருடைய வெள்ளி அரைஞாணைத் திருநீறு போட்டுத் தேய்த்தபடி: "மாசா மாசம் கறுத்துப் பூடுது. உடம்புச் சூடு. எண்ணெ தேச்சிக் குளின்னா கேட்டாத்தானே."

சூடு இல்லை, கந்தகம். வெள்ளி மாதாமாதம் சொல்லியிருக்கிறது. நாங்கள் தேய்த்துவிட்டோம்.

11, வியாழன்

லேபிலிருந்து நான்கு தாள். திருட்டுதான். மூன்று அப்பாவின் சட்டைப் பையில். நனைத்து, கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இறக்கச் சொன்னேன்; கறுத்தால் யாரும் இறங்கக் கூடாது. ஒன்றைச் சமையலறைக் காலண்டரில் செருகினேன், நல்ல காற்றில் வெள்ளையாகவே இருக்கும் என்று அவருக்குக் காட்ட.

ரெக்கார்ட் நோட்டு, சோப்பு வாங்க வேண்டும். லைப்ரரி நாவல் திறக்கவே இல்லை.

வகுப்புத் தோழி லதா மறுபடியும்: "உங்க வீட்டுக்கு வந்தாலே தலைவலிப்பா. என்ன நாத்தம்!" பெருமைக்காரி.

13, சனி

வெயில். அப்பா மூன்று மணிக்கே வந்துவிட்டார். உட்காரவில்லை.

"நாத்தம் சுத்தமா அடங்கிச்சு. ஏணில கால வெச்சிட்டேன். முனுசாமி சட்டப் பையப் பாத்துட்டு, 'இன்னா மேஸ்திரி, பொண்ணு குட்த்த பரீட்சை பேப்பரா?'ன்னான். சர்தான்னு கட்டி உட்டேன்."

கையை விரித்தார். மூன்று தாளும் கரி.

"எறங்கலையே?"

"எவனையும் உடல. ஓனர் கத்தறாரு. கத்தட்டும்."

அம்மா கறுத்த தாள்களை வாங்கிப் பார்த்தாள். அப்பா காலண்டரைப் பார்த்தார்.

"இதையும் தொட்டியாண்ட எட்த்துகினு வந்தியா?"

"இல்லப்பா."

தாள் முழுக்கப் பழுப்பு. கம்பெனிக் கழிவுக் கால்வாய் எங்கள் சமையலறை ஜன்னலுக்குக் கீழேதான்.

ஜன்னல் கம்பியில் முகம் வைத்து மூச்சை இழுத்தேன். அப்பாவும். அம்மாவும்.

ஒன்றுமே தெரியவில்லை.